கொத்தனார் வரும்வரை: பள்ளி திறக்கும் வாரத்தில் பழுதான வீட்டில் குடித்தனம்

தமிழ்நாட்டில் பள்ளி திறப்பதும் வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவதும் ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. 2024இல் வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு ஜூன் 10 வரை தள்ளிப்போனது. 2025இல் ஜூன் 2ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் அது வைகாசியின் பிற்பாதி. முகூர்த்த நாட்களை ஒட்டிப் புதுமனை புகுவிழாக்கள் நெருங்கி நிற்கும். மேஸ்திரிகள் புது வீடுகளை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் இருப்பார்கள். நம் வீட்டுக் குளியலறைக் கசிவும் மாடி ஒழுகலும் அவர்கள் கணக்கில் சில்லறை வேலை. ‘திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்’ என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. முந்தைய வேலை முடியவில்லை, அவ்வளவுதான்.

முதல்முறையாக இந்த நெருக்கடியில் அகப்படும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தத் திங்கட்கிழமையை நம்பி வீட்டைக் கலைத்துப் போடாதீர்கள். ஆள் ஒரு மாதம் வரமாட்டார் என்றே வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்துங்கள். நாளையே வந்து நின்றால் லாபம். ‘நாளை சரியாகிவிடும்’ என்று பாதிச் சாமானைக் கட்டி வைத்துவிட்டு, சீருடையை ஒரு மூட்டையிலும் காலுறையை இன்னொரு மூட்டையிலும் தேடும் வீட்டில்தான் காலை ஏழரை மணிக்குப் பிள்ளைகள் அழுகிறார்கள்.

முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, பகல் வெளிச்சத்தில், எந்தப் பழுது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துவிட வேண்டும்.

காத்திருக்கவே கூடாதது கூரை. மேல்தளத்தின் அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கோடு ஓடியிருந்தாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ அதற்குக் கீழே பிள்ளைகள் படுக்கவும் படிக்கவும் கூடாது. இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்போது பருக்கிறது. அந்தப் பருமன்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கிறது. கடலோர ஊர்களின் பழைய கட்டடங்களில் இது மிகச் சாதாரணம். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, நேர் கீழே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, நீளமான ஒட்டடைக்கம்பின் முனையால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பிடிப்போடு இருக்கும் இடத்தில் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். பிடிப்பு விட்ட இடத்தில் ‘பொத்’ என்று உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலிக்கும். அந்த எல்லையைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, கட்டிலை அங்கிருந்து அன்றே நகர்த்துங்கள். பெரிய பரப்பு அப்படிப் ‘பொத்’ என்று ஒலித்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவதும், அவர் சொன்னால் முட்டுக் கொடுப்பதும் கொத்தனாருக்காகக் காத்திருக்க வேண்டிய வேலைகள் அல்ல. இன்னொன்றையும் இப்போதே மனத்தில் வையுங்கள்: கம்பி தெரியும் இடத்தில் மேலே சிமெண்டை அப்பிப் பூசிவிட்டுப் போவது வேலையே அல்ல. உதிர்வதை எல்லாம் கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன்பிறகே அதற்குரிய கலவையால் மூட வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். ஈரம் மின்விசிறிக் கொக்கியையோ டியூப்லைட்டையோ சுவிட்ச் பெட்டியையோ தொட்டிருந்தால், அந்த அறைக்குப் போகும் இணைப்பை எம்.சி.பி.யில் (மின்பெட்டியில் உள்ள துண்டிப்பு சுவிட்ச்) அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை போடாதீர்கள். வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், மாற்றியாக வேண்டும். மீட்டருக்கு முன்னால் உள்ள கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, எந்நேரமும் அழைக்கலாம்.

சுவரில் மயிரிழை விரிசல், பெயர்ந்த டைல், உதிரும் வண்ணம், மூடாத கதவு இவையெல்லாம் காத்திருக்கும். விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு அன்றைய தேதியை எழுதிவிடுங்கள். வளர்கிறதா இல்லையா என்பதைப் பின்னால் யாரும் வாதாட வேண்டியதில்லை.

மாடி ஒழுகலைப் பற்றி ஊருக்கு ஊர் கணக்கு வேறு. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரிப் பக்கம் ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அங்கே தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் செங்கல் அடுக்கி, வடிகுழாய் வாயைத் திறந்துவிட்டால்தான் அந்த வாரம் தூங்கலாம். சென்னையிலும் டெல்டாவிலும் ஜூன் மழை பெரும்பாலும் சாயங்கால இடிமழை. அடைமழை அக்டோபரில் வடகிழக்குப் பருவத்தோடுதான் வரும். அதனால் சென்னைக்காரர்கள் ஒழுகல் வேலையைப் பள்ளி சூடு பிடித்தபின் ஆடிக்குத் தள்ளலாம் என்பது என் கருத்து. ஆடியில் புதுமனை புகுவிழா வைப்பதில்லை. மேஸ்திரி நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்.

ஓர் அறையைக் காப்பாற்றுங்கள்

வீடு முழுவதையும் ஒழுங்காக வைத்திருக்க முயலாதீர்கள், முடியாது. ஓர் அறை போதும். ஈரம் இல்லாத, கூரை கெட்டியான, உடைக்கப் போகாத அறை எதுவோ அது பிள்ளைகளுடையது. கூடமாக இருந்தாலும் சரி, பெரியவர்களின் படுக்கையறையாக இருந்தாலும் சரி. அவர்கள் படுக்கை, புத்தகப் பை, சீருடை, ஷூ, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அந்த நான்கு சுவருக்குள். சிமெண்ட் மூட்டையோ, பெயிண்ட் டப்பாவோ, பக்கத்து அறையிலிருந்து கழற்றிய கதவோ அங்கே நுழையக் கூடாது. ‘இரண்டு நாளைக்கு இங்கே இருக்கட்டும்’ என்று யார் கொண்டுவந்தாலும் விடாதீர்கள். உங்கள் மாமியாராக இருந்தாலும்.

வாசலில் ஈரச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டால் காலோடு வரும் தூசி பாதி அங்கேயே நின்றுவிடும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பெருக்கினால் சிமெண்ட் தூசி எழும்பி மறுபடி பிள்ளைகளின் மூச்சிலேதான் போய்ச் சேரும். இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வீட்டு அலமாரியில் ஒன்றும் பள்ளிப் பையில் ஒன்றுமாக இருக்கட்டும்.

பழைய வீட்டில் வண்ணம் சுரண்டும் வேலை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமல் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அது வளரும் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு. கதவையும் ஜன்னல் கம்பியையும் உலரச் சுரண்டாமல் தண்ணீர் தெளித்துச் சுரண்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

காகிதங்கள்

மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், கட்டண ரசீது, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். முதல் வாரத்தில் பள்ளி எதைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அரசுப் பேருந்தில் இலவசமாகச் செல்லும் மாணவர்களுக்குப் புது பஸ் பாஸ் வர நாளாகும். சீருடையோ பழைய பாஸோ பள்ளி அடையாள அட்டையோ இருந்தால் அதுவரை ஏற்றுக்கொள்ளுமாறு நடத்துநர்களுக்கு ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறார்கள். ஆகவே சீருடையை முதல் நாளுக்கே தயாராக வைப்பது பேருந்துக்கும் நல்லது.

தையல்காரரும் அந்த வாரம் மேஸ்திரியைப் போலத்தான். ஒரு செட்டாவது கையில் வாங்கிவிட்டு மீதியை அவரிடம் விட்டு வையுங்கள்.

புத்தகங்களுக்கு அட்டை போடும் மாலை

எத்தனை அமளியிலும் இதை விட்டுவிடாதீர்கள். காப்பாற்றிய அந்த அறையில் பாயை விரித்து, பழுப்புத் தாளைச் சுருள் பிரித்து, நான்கு மூலையிலும் எதையாவது வைத்து அமுக்கிவிட்டு, புத்தகத்தைத் திறந்து நடுவில் கவிழ்க்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு விரல் விட்டு வெட்டி, முதுகு வரும் இடத்தில் சரிவாக நறுக்கி உள்ளே மடிக்க வேண்டும். பெரிய பிள்ளை வெட்டும், சின்னது லேபிள் ஒட்டும், அப்பா பெயர் எழுதுவார். புதுத் தாளின் வாசனை அறை முழுக்க இருக்கும். பக்கத்து அறையில் சுவர் பெயர்ந்து கிடப்பதை அந்த ஒரு மணி நேரம் யாரும் நினைப்பதில்லை. வீடு எந்த நிலையில் இருந்தாலும் பள்ளி தொடங்கிவிட்டது என்பது பிள்ளைக்குத் தெரிவது இதில்தான்.

ஈரச் சுவர் உள்ள வீட்டில் அட்டை போட்ட புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். பூஞ்சை பிடிப்பது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

மேஸ்திரியிடம் பேச வேண்டியவை

காலையில் அழைத்து ‘வருகிறீர்களா’ என்று கேட்பதால் பயனில்லை. அதற்குள் அவர் வேறு வீட்டில் கலவை போட்டிருப்பார். முந்தின இரவு எட்டு மணிக்கு அழையுங்கள். கோபப்படாமல், பெயரோடு ‘அண்ணே’ சேர்த்து, நாளை எத்தனை ஆள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

வேலை பேசும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாள் உடைப்பீர்கள்? உடைத்தபின் மூடும்வரை ஆள் வந்துகொண்டே இருப்பார்களா? தண்ணீரும் கழிவறையும் எத்தனை நாள் இல்லாமல் இருக்கும்? மூன்றாவதற்குப் பெரும்பாலும் ‘ஒரு நாள்தான்’ என்று பதில் வரும். அதைப் பல நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். குளியலறைத் தளத்தை உடைத்தால் பழைய பூச்சை எடுத்து, நீர்க்காப்பு அடித்து, அது காய்ந்து, தண்ணீர் தேக்கிச் சோதித்து, டைல் ஒட்டி, இடுக்கில் கலவை நிரப்பி, மறுபடி காய வேண்டும். அவசரப்படுத்தினால் ஆறு மாதத்தில் அதே கசிவு.

உடைக்கும் வேலையைப் பள்ளி திறக்கும் வாரத்தில் தொடங்க விடாதீர்கள், உயிருக்கு ஆபத்தான கூரைப் பழுதைத் தவிர. ஆள் அந்த வாரமே கிடைத்தால் பூச்சு, குழாய் மாற்றுதல், கதவு சீவுதல் போன்று அன்றே தொடங்கி அன்றே முடியும் வேலைகளைக் கொடுங்கள். சனிக்கிழமை பிற்பகலில் எதையும் உடைக்க அனுமதிக்கவே கூடாது. ஞாயிறு விடுமுறை, திங்கள் வேறு வீட்டு வேலை என்று ஆகிவிட்டால் திறந்த குழியோடு ஒரு வாரம் போகும்.

நாள் கூலியா, மொத்தமாகப் பேசியதா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் முதல் கட்டப் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும். மணல், ஜல்லி எங்கே இறக்குவது, உடைத்த கழிவை யார், எப்போது அப்புறப்படுத்துவது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பள்ளி வேன் நிற்கும் இடத்தில் கட்டடக் கழிவு குவிந்தால் ஆணியும் கண்ணாடியும் சின்னக் கால்களில்தான் ஏறும்.

அடுப்பும் குளியலும்

சமையலறையே பழுதாகி அடுப்பை வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தால் சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். படுக்கையறையில் வேண்டாம். மின் அடுப்பு இருந்தால் இந்த வாரத்துக்கு அதுவே உத்தமம். எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாமல் 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்.

சாப்பாட்டில் பெருமை பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை புளிக்காய்ச்சல் கிளறி வைத்தால் வாரம் முழுவதும் தாங்கும். இட்லி மாவு, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் இவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தால் போதும். அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது; ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாம்பாருடன் பள்ளியிலேயே கிடைக்கும். மதியச் சத்துணவும் உண்டு. அடுப்பு சரியாகும்வரை தயங்காமல் அங்கே சாப்பிடச் சொல்லுங்கள். அது பிள்ளையின் உரிமை, யாருடைய தயவும் இல்லை.

ஒரே குளியலறை மட்டும் இருந்தால் பெரியவர்கள் இரவில் குளித்துவிடுங்கள். காலை பிள்ளைகளுக்கு. கழிவறை இல்லாத நாட்களுக்குப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காலை ஆறரைக்குத் திடீரென்று கதவைத் தட்டுவதைவிட, முந்தின நாள் மாலை போய் ‘அக்கா, நாளைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வரும்’ என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

வேலை நடக்கும் நாள்

பலரும் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. கொத்தனார் வேலை ஒன்பது மணியளவில் தொடங்கி, இடையில் டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு, ஐந்து ஐந்தரைக்கு முடியும். பள்ளி நேரமும் ஏறக்குறைய அதுவே. சத்தமும் தூசியும் உள்ள வேலை முழுவதையும் காலை ஒன்பதரைக்கும் மாலை மூன்றுக்கும் இடையில் முடிக்கச் சொல்லுங்கள். மூன்று மணிக்கு மேல் கலவைப் பூச்சு, சுத்தம் மட்டும். வேன் வந்து நிற்கும்போது தரை ஈரத்துணியால் துடைத்திருக்க வேண்டும், சுத்தியலும் உளியும் சாக்குக்குள் போயிருக்க வேண்டும். இதை முதல் நாளே சொன்னால் சித்தாள்களும் ஒத்துழைப்பார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் அதே வாரம்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களில் யாராவது முதல் நாள் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். ‘கையால் தடம் பதிக்கிறேன்’ என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், விடக்கூடாது. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

பூசிய இடம் குறைந்தது ஏழு நாள் ஈரம் குடிக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில் விழும். காலை பிள்ளைகள் கிளம்பியவுடன் ஒருமுறை, மாலை வருவதற்கு முன் ஒருமுறை என்று பழக்கிக்கொள்ளுங்கள். மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினாலும், வேலைக்காக டிரம்மில் பிடித்து வைத்தாலும் கொசுவை மறந்துவிடக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். டிரம்மைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும்.

மாலை நேரத்தில் வீடு படிப்புக்கு லாயக்கில்லாமல் இருந்தால் அருகிலுள்ள கிளை நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. வகுப்பாசிரியருக்கு நாட்குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: ‘வீட்டில் பழுதுவேலை நடக்கிறது, சில நாள் தூக்கம் குறைவாக இருக்கலாம்.’ ஆசிரியர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். பிள்ளைக்கும் தன் பக்கம் ஆள் இருக்கிறது என்று தெம்பு வரும்.

வாடகை வீடாக இருந்தால்

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நாம் சேதப்படுத்தியதாக இல்லாதவரை, கட்டடத்தின் அமைப்பைச் சேர்ந்த பழுது, குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் எடுத்துப் பாருங்கள். பழுதைப் படமெடுத்துத் தேதியோடு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது மழை விட்டதும் மறந்துபோகும்.

பணம் கொடுக்கும் முன்

வேலை முடிந்தது என்று சொன்ன அன்றே கணக்கை முடிக்காதீர்கள். மாடியோ குளியலறையோ, வடிகுழாயை அடைத்து, ஓரிரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் வைத்து, கீழ்ப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மறுநாளே கூப்பிட்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள், இழுத்தடிக்க வேண்டாம். அடுத்த முறை கூப்பிட்டதும் வருவது ஒழுங்காகப் பணம் கொடுத்த வீட்டுக்குத்தான். அப்போதே, இன்னும் பாக்கியிருக்கும் வேலைகளைக் காட்டி, வரும் தை பிறந்ததும் தொடங்கி மாசிக்குள் முடிக்க நாள் பேசிவிடுங்கள். ஆண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகள் படிக்க உட்காரும்போது வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது.